மூச்சுக் குழாய்க்கும் ஒரு விட்டம் உண்டு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழு கேட்டதும் எங்கள் வகுப்பில் கவிதைக்கு மட்டும் பாதிப் பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். காதல், நட்பு, அம்மா, வேலையில்லாத் திண்டாட்டம் என்று எல்லாத் தலைப்புக்கும் ஆள் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது மூச்சு ஒன்றுதான்! சரி, அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிற சங்கதி அது.

எங்கள் பக்கம் இதை "வீசிங்" என்பார்கள். ஆயா காலத்தில் இது இழுப்பு. டாக்டர் சீட்டில் ஆஸ்துமா. பெயர் எதுவானால் என்ன, ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்காரும்போது எல்லாம் ஒன்றுதான்.

நோயாளியின் புலம்பலாக இதை நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாம் டிப்ளமா படிக்கிறவர்கள். குழாய், அழுத்தம், வடிகட்டி, நாசில் எல்லாம் நம் பாடம். ஆஸ்துமாவும் கிட்டத்தட்ட அதே பாடம்தான். அதோடு, நம் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது பையின் அடியில் ஒரு பம்ப்பை ஒளித்து வைத்துக்கொண்டுதான் வருகிறோம். ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் கேள்வி.

கிராமத்துக் காற்று சுத்தமா?

"சென்னை, பெங்களூருன்னா சரி. எங்க அயோத்தியாப்பட்டணத்துல என்னப்பா புகை, தூசு? இங்க எப்படி வீசிங் வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்ப் பெயரிலேயே பட்டணம் இருக்கிறதே, அது போதாதா என்று நான் தமாஷாகச் சொல்வது வழக்கம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்பது வெறும் பேச்சு அல்ல. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவை. உணவு, பழக்கம், ரத்த வழி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒரே வித்தியாசம்: ஆமிஷ் மக்கள் இன்றைக்கும் குதிரையை வைத்து உழுகிறார்கள், மாட்டுக் கொட்டாய் வீட்டை ஒட்டியே இருக்கும். ஹட்டரைட் மக்கள் பெரிய பண்ணை வைத்து, மிஷின் வைத்து விவசாயம் செய்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம். ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம்! மாட்டுக் கொட்டாயின் தூசியில் இருக்கும் நுண்ணுயிர்கள், சின்ன வயதிலேயே உடம்புக்கு "இது எதிரி, இது எதிரி இல்லை" என்று பாடம் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் நான்கு உருப்படி மாடு. நான் பிறப்பதற்கு முன்பே அவற்றை விற்றாயிற்று. கொட்டாயைச் சுவர் வைத்து அடைத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, நான்கு விசைத்தறி இறக்கினார்கள். மாடு கட்டியிருந்த இடத்தில் தறி ஓடுகிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் என் தொட்டில். அதாவது, காக்கிற தூசு போய்விட்டது. கெடுக்கிற தூசு வந்துவிட்டது! பெயருக்குக் கிராமம், மூச்சுக்கு அது ஒரு சின்னத் தொழிற்பேட்டை.

உடையாப்பட்டியிலிருந்து காரிப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை பார்த்து வாருங்கள். ஒரு பக்கம் தறிச் சத்தம். சேலம், ஆத்தூர் வட்டாரமெங்கும் குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ மில்கள். களத்தில் ஜவ்வரிசியும் திப்பியும் காய்கிறது, காற்றடித்தால் வெள்ளையாய்ப் பறக்கிறது. நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணை, தீவன மில். நடுவில் நான்கு வழிச்சாலையில் லாரி லாரியாய்ப் புகை. மாலையானால் ரோட்டோரம் குப்பைக்குத் தீ. கிராமம்தான். ஆனால் படத்தில் வருகிற கிராமம் இல்லை.

போய்சல் சொன்ன கணக்கு

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இந்தச் சூத்திரம் ஞாபகம் இருக்கும். ஒரு குழாயில் சீராக ஓடும் திரவத்தின் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! இதைக் கண்டுபிடித்த போய்சல் இன்ஜினியர் இல்லை, ஒரு பிரெஞ்சு டாக்டர். 1840-களில் மெல்லிய குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தக் கணக்கு அவருக்குக் கிடைத்தது. டாக்டர் வீட்டுச் சூத்திரத்தை நாம் கடன் வாங்கிப் படிக்கிறோம். அதை ஒருமுறை டாக்டர் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போவோம்.

நுரையீரல் என்பது தலைகீழாக நிற்கும் ஒரு மரம். அடிமரம் மூச்சுக்குழாய். அது இரண்டாகி, நாலாகி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மில்லிமீட்டரைவிடச் சின்னக் குழாய்களாக முடிகிறது. ஆஸ்துமாக்காரனுக்கு இந்தக் குழாய்களின் உள்சுவர் எப்போதும் லேசாகப் புண்பட்டு, சிவந்து, வீங்கியே இருக்கும். தூசு, புகை, குளிர் காற்று, சளிக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று சீண்டினால் மூன்று காரியம் நடக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உள்சுவர் இன்னும் வீங்கும். கோழை சுரந்து மிச்ச வழியையும் அடைக்கும். விட்டம் 20 சதவீதம் குறைந்தாலே, அந்தச் சூத்திரப்படி, ஓட்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நம் நெஞ்சுக்குள் ஓடும் காற்று எல்லா இடத்திலும் அவ்வளவு சீராக ஓடாது என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் "நேத்து நல்லாத்தானே இருந்தான், அதுக்குள்ள என்ன வந்துச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விட்டத்தில் சின்ன மாற்றம், மூச்சில் பெரிய மாற்றம்.

சரி, ஒருவனுக்குச் சீண்டுகிற தூசு இன்னொருவனை ஏன் சீண்டுவதில்லை? அதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர். "அலர்ஜி" என்ற சொல்லை 1906-இல் உண்டாக்கியவர் வியன்னாவின் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர். மகரந்தம் போல ஒன்றுமறியாத பொருளை எதிரி என்று உடம்பு தப்பாக முத்திரை குத்திவிடுகிறது. அந்த முத்திரையின் பெயர் ஐ.ஜி.இ.; 1960-களின் பிற்பகுதியில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால், அடுத்த முறை அந்தத் தூசு வந்ததும் மூக்கில் தும்மல், கண்ணில் அரிப்பு, தோலில் தடிப்பு, நெஞ்சில் இழுப்பு. ஆளுக்கு ஆள் இடம் மாறும், வேர் ஒன்றுதான்.

புளியங்கொட்டையும் திங்கட்கிழமையும்

தறி வீட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரியில் நிறைய. உங்களுக்கு ஒரு சேதி. 1957-இல் பிரிட்டனில் தொழில் நோய்களுக்கான ஒரு மருத்துவ இதழில், நெசவாலை ஒன்றில் பரவிய இருமலையும் மூச்சிறைப்பையும் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். தேடிப் பார்த்தால், பாவுக்குப் போடும் கஞ்சியில் கலந்த ஒரு மாவுதான் காரணம். என்ன மாவு தெரியுமா? புளியங்கொட்டை மாவு! நம் ரோட்டோரப் புளியமரத்துக் கொட்டை, கப்பலேறி வெள்ளைக்காரனையும் இரும வைத்திருக்கிறது. தறி ஓட ஓட, காய்ந்த கஞ்சி உதிர்ந்து தூளாகப் பறக்கும். அதைத்தான் நெஞ்சு வாங்கிக்கொள்கிறது.

நூல் மில் வேலைக்குப் போனவர்களுக்கு இன்னொன்று தெரியும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். வாரக் கடைசியில் சரியாகிவிடும். மறு திங்கள் மறுபடியும் வரும். பஞ்சுத் தூசியால் வருவது இது. பெயர் பிசினோசிஸ். சணல், ஆளி நார் சீவுகிற தொழிலாளிகள் இருமுவதை 1700-லேயே ராமசினி என்ற இத்தாலிய டாக்டர் எழுதி வைத்துவிட்டார். முதலில் திங்கட்கிழமை மட்டும், பிறகு செவ்வாய், புதன் என்று நீண்டு, கடைசியில் லீவு நாளிலும் விடாமல் பிடித்துக்கொள்ளும். "திங்கக்கிழமைன்னா சோம்பேறித்தனம், வேலைக்கு டபாய்க்கறான்" என்று சூப்பர்வைசர் திட்டும்போது, திட்டு வாங்குகிறவனுக்கு நோய் இருக்கலாம் என்பதை நாளைக்கு சூப்பர்வைசர் ஆகப் போகிற நாமாவது நினைவில் வைப்போம்.

வெள்ளைப் பூ பூத்த விஷச்செடி

நம் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் கேரட் இலை போல இலையோடு, குட்டிக் குட்டி வெள்ளைப் பூவாக ஒரு செடி மண்டிக் கிடக்கிறதே, அதுதான் பார்த்தீனியம். காங்கிரஸ் பூண்டு என்றும் சொல்வார்கள். மெக்ஸிகோ பக்கத்துச் செடி. 1950-களின் நடுவில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்து பரவியது என்று சொல்லப்படுகிறது. ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். தொட்டால் சிலருக்குத் தோல் வெந்தது போல் ஆகும். மகரந்தம் மூக்கில் போனால் தும்மலும் இழுப்பும். 1984-இல் பெங்களூரில் மெக்ஸிகோ வண்டு ஒன்றை இதன் மேல் விட்டுப் பார்த்தார்கள். வண்டு இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறது; செடியும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பூத்த பிறகு பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை. மழை பெய்து முளைத்ததும், பூக்கும் முன், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். அலர்ஜி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. என்.எஸ்.எஸ். முகாமில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிட இது உருப்படியான வேலை.

பார்சலோனாவில் ஒரு வடிகட்டி

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஸ்பெயினில் பார்சலோனா நகரம். 1981 முதல் 1987 வரை, திடீர் திடீரென்று சில நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் ஆஸ்துமாக்காரர்கள் வந்து குவிவார்கள். அப்படி 26 நாட்கள். சிலர் செத்தும் போனார்கள். காரணம் பிடிபடவில்லை. டாக்டர்கள் ஆஸ்பத்திரிக் கணக்கையும் துறைமுகத்தின் கப்பல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. சோயா பீன்ஸ் இறக்கிய நாட்களில்தான் அந்தக் கூட்டம்! தானியத்தைக் கொட்டும் சைலோ ஒன்றின் உச்சியில் தூசு பிடிக்கும் வடிகட்டி இல்லை. தூசு காற்றோடு ஊருக்குள் போயிருக்கிறது. பை போன்ற வடிகட்டிகளைப் பொருத்தினார்கள். அந்தக் கூட்டம் வருவது நின்றுவிட்டது. 1989-இல் இந்த ஆய்வு வெளியானது.

தோழர்களே, அந்த ஊரைக் காப்பாற்றியது புது மருந்து அல்ல, ஒரு வடிகட்டி! அதை வரைந்து, வெட்டி, பொருத்தியது நம்மைப் போன்ற டெக்னீஷியன்கள்தான். தீவன மில்லும் சேகோ மில்லும் தறிப்பட்டறையும் நிறைந்த நம் மாவட்டங்களில், சிக்கன விலையில் ஒரு தூசு உறிஞ்சி செய்வதைவிட நல்ல ப்ராஜெக்ட் எதைத் தேடுகிறோம்? வருஷா வருஷம் அதே "சோலார் கார்"தானா?

பம்ப்புக்கு ஏன் வெட்கம்?

இனி வீட்டு விஷயம். என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. சின்ன வயதிலிருந்தே என்னைவிட அதிகமாக இழுப்பு. கல்யாணம் பேசும்போது பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பம்ப்ப யாரு கண்ணுலயும் படாம வெச்சுக்க கண்ணு. நெஞ்சு நோயின்னு பேராயிடும்." அக்கா அதை அரிசி அண்டாவுக்குள் புதைத்து வைத்தாள். ஒருநாள் அரிசி அளக்கப் போன மாமியார் கையில் அது சிக்கிவிட்டது. "சீக்காளியக் கட்டி வெச்சுட்டாங்க" என்று ஒரே ரகளை. அதற்குப் பிறகு அக்கா பம்ப்பையே விட்டாள். இழுப்பு வந்தால் பக்கத்து ஊரில் ஒருவரிடம் போய் ஓர் ஊசி. போட்ட உடனே சுகம். என்ன ஊசி என்று அவரும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை.

ஒரு மார்கழி ராத்திரி. அக்காவால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. மாமா 108-க்குப் போன் செய்து, ஆக்சிஜன் வைத்து, சேலம் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தாள். 2019-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு ஒன்றின்படி, உலக ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர்தான் இந்தியாவில். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் நம் நாட்டவர்கள். அந்தக் கணக்கில் அக்காவும் ஒரு புள்ளியாகியிருப்பாள். நோய் கொடியது என்பதால் மட்டும் இவ்வளவு பேர் சாகவில்லை. மருந்து இருந்தும் அதை வாங்க முடியாமலும், வாங்கியதை ஒளித்து வைத்தும் சாகிறார்கள்.

"பம்ப்பு பவர் ஜாஸ்தி, பழகிட்டா விட முடியாது, மாத்திரைதான் நல்லது" என்று ஊரே சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பது முறை அழுத்தினால்தான் ஒரு மாத்திரைக்குச் சமம்! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, கடைசியில் கொஞ்சம் நெஞ்சுக்குப் போகும். பம்ப் நேராகப் புண்பட்ட இடத்துக்கே போகும். வீட்டு வாசலில் ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஏரி மதகைத் திறப்பார்களா?

இந்தப் பம்ப் பிறந்த கதையும் ரசமானது. 1955-இல் அமெரிக்காவில் மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் 13 வயது மகள், "தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தும் ஏன் டப்பாவில் வரக் கூடாது?" என்று அப்பாவிடம் கேட்டாளாம். 1956-இல் முதல் பம்ப் கடைக்கு வந்துவிட்டது. சால்பூட்டமால் 1969-இல் வந்தது. நம் வயதைவிடக் குறைந்த ஒரு பெண் கேட்ட கேள்வி அது!

இன்னொரு முக்கியமான விஷயம். நீல நிறப் பம்ப் இறுகிய தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் புண்ணை ஆற்றாது. புண்ணை ஆற்ற, உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து கொண்ட இன்னொரு பம்ப் உண்டு. ஆஸ்துமாவுக்கு நீலப் பம்ப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி நெறியே சொல்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். இதுவும் மைக்ரோகிராம் கணக்குதான். உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும். பயப்பட வேண்டியது, பெயர் சொல்லாமல் போடும் ஊசிக்கும், ஊர் ஊராக வந்து "ஒரே மண்டலத்தில் குணம்" என்று விற்கும் பொடிக்கும்தான். சில பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். நம் நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. வேலியோரத்து ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தே உண்டானது. ஆனால் உதடு நீலமாகும்போது கஷாயம் காய்ச்ச நேரம் இல்லை.

அக்கா என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அவளே மாமியாரிடம் பேசினாள். "நீங்க கண்ணாடி போட்டாத்தானே அத்தை ஊசியில நூல் கோக்க முடியுது? அதுக்காக உங்களக் குருடுன்னா சொல்றோம்? எனக்கு இது அந்த மாதிரி." கிழவி ஒன்றும் பேசவில்லையாம். இப்போது பம்ப் சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா வெளியூர் கிளம்பினால், "பம்ப்ப எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பதே மாமியார்தான்.

நாளைக்கு நாம் போகிற இடங்கள்

டிப்ளமா முடித்து ஹோசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் என்று போகப் போகிறோம். ஆட்டோமொபைல் தோழர்களே! கார்களுக்கு அடிக்கும் இரண்டு டப்பா பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. 1984-இல் போபாலைக் கொன்ற வாயுவுக்கு இது தூரத்து உறவு. ஆஸ்துமாவே இல்லாதவனுக்கும் புதிதாக ஆஸ்துமாவைத் தரக்கூடியது. எலக்ட்ரானிக்ஸ் தோழியரே! சால்டரிங் செய்யும்போது எழும் பிசின் புகையும் அப்படித்தான். மரத்தூள், கோதுமை மாவு, சாயத்தூள், இயந்திரத்துக்கு ஊற்றும் கூலன்ட் ஆயிலின் ஆவி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அடையாளம் சுலபம். வேலை நாளில் இழுப்பு, லீவில் ஊருக்கு வந்தால் சுகம் என்றால் சந்தேகம் வேலை மேல்தான். சீக்கிரம் கண்டுபிடித்து விலகினால் முழுசாகக் குணமாகவும் வாய்ப்பு உண்டு. தொழில்சார் ஆஸ்துமாவும் பிசினோசிஸும் 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில் நோய் அட்டவணையிலேயே இடம்பெற்றவை. ஆகவே வாய் திறந்து கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

"வீசிங் இருந்தா வேலைக்கு லாயக்கில்ல" என்பவர்களுக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். சே குவேரா, இரண்டு வயதிலிருந்து ஆஸ்துமாக்காரர். அந்த நெஞ்சோடு ரக்பி ஆடி, டாக்டருக்குப் படித்து, மலையேறிப் போராடியவர். பவுலா ராட்கிளிஃப், 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தவர், அவருக்கும் ஆஸ்துமா. மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஓடலாம், கபடி ஆடலாம், லேத்தில் நிற்கலாம்.

இன்றைக்கே செய்யக் கூடியவை

ஹாஸ்டல் நண்பர்களே, கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் அதன் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிகரெட் பிடிக்காத நல்ல பிள்ளைகூட ஒரே ராத்திரியில் பாக்கெட் பாக்கெட்டாக ஊதிவிடுகிறான்! கொசுவலை கட்டுங்கள். தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கும். உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, தலையணையை நல்ல வெயிலில் போடுங்கள். அறையைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு இழுப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். அவனுடைய நீலப் பம்ப்பை நிமிடத்துக்கு ஒன்று வீதம், பத்து முறை வரை கொடுக்கலாம். பேச முடியவில்லை, உதடு நீலம், அல்லது சத்தமாக இழுத்த நெஞ்சு திடீரென்று அமைதியாகிவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள், 108. அந்த அமைதி சுகத்தின் அடையாளம் அல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக நம் பட்டறைக்கு ஏற்ற ஒரு வேலை. பம்ப்பை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். நடுவில் ஸ்பேசர் என்ற ஒரு கூடு வைத்தால், பெரிய துளிகள் கூட்டில் தங்கி, 5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துளிகள் நெஞ்சுக்குள் போகும். கடையில் வாங்கக் காசு இல்லையா? அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் போதும்! அதன் அடியில், பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குச் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, பம்ப்பைச் செருகி, பாட்டில் வாய் வழியாக உறிஞ்ச வேண்டியதுதான். கடை ஸ்பேசருக்கு இது ஏறக்குறைய சமமாக வேலை செய்கிறது என்று 1999-இல் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்தே காட்டிவிட்டார்கள்.

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அந்த நாள் வருவதற்குள் நம் மாணவர் பேரவை மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. கார்பென்டரி ஷாப்பில் ஒரு தூசு உறிஞ்சி. மைதானத்துப் பார்த்தீனியத்துக்கு ஒரு முடிவு. ஒவ்வொரு பட்டறையின் முதலுதவிப் பெட்டியிலும் ஒரு ஸ்பேசர். இவற்றுக்கு லட்சக்கணக்கில் செலவில்லை. சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

முதலாண்டுத் தம்பி தங்கைகளே! உங்களில் யாருக்காவது இழுப்பு இருந்தால், பம்ப்பைப் பையின் அடியில் போடாதீர்கள். முன் ஜிப்பில், சட்டென்று கை போகிற இடத்தில் வையுங்கள். மருந்து டாக்டர் எழுதியதாக இருக்கட்டும். பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கல் ஷாப் பக்கம் வாருங்கள். ஓட்டை போட்டுத் தர நான் இருக்கிறேன்!